தங்கைக்கு மருந்துக்கடை வேலை: டி.பார்ம் சேர்வதா, டெக்னீசியன் சான்றிதழ் போதுமா?

செஞ்சிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை பிளஸ் டூ (உயிரியல் பிரிவு) முடித்துவிட்டு எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். சீட்டைப் பார்த்து மாத்திரை எடுப்பது, பில் போடுவது, சரக்கு வந்தால் பில்லோடு ஒத்துப்பார்த்து அடுக்குவது, எக்ஸ்பைரி நெருங்குவதைப் பிரித்து ஏஜென்சிக்குத் திருப்புவது என்று எல்லாம் அவள்தான். கடையில் ஒருவருடைய சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த ஆளை நான் கடையில் பார்த்ததில்லை.

இப்போது ஒரு பயிற்சி மையத்தில் "பார்மசி டெக்னீசியன்" என்று ஓராண்டுப் படிப்பு இருப்பதாகவும், வெளிநாட்டிலும் அது செல்லும் என்றும் சொல்கிறார்கள். டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) என்றால் இரண்டு வருடம், செலவும் கூட. எதில் சேர்ப்பது? படித்தால் எங்கெல்லாம் வேலை? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மலர்விழி

அந்த ஓராண்டுப் படிப்புக்கு இப்போதைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், தம்பி. நம் நாட்டுச் சட்டத்தில் பார்மசி டெக்னீசியன் என்று பதிவு பெற்ற பணி எதுவும் கிடையாது. மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கலப்பதும் எடுத்துக் கொடுப்பதும் பதிவு பெற்ற பார்மசிஸ்டின் வேலை என்று 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்கிறது. மாநில பார்மசி கவுன்சிலில் பதிய டி.பார்ம் குறைந்தபட்சத் தகுதி. அதுவும் இந்திய பார்மசி கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் படித்ததாக இருக்க வேண்டும். ஓராண்டு, ஆறு மாதச் சான்றிதழ்களை வைத்துப் பதிய முடியாது. உதவியாளராகச் சேர அது கொஞ்சம் உதவலாம், ஆனால் உங்கள் தங்கை இப்போதே உதவியாளர்தானே.

டி.பார்ம் இரண்டு ஆண்டுப் பாடம், அதற்கு மேல் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. உடற்கூறியல், மருந்து வேதியியல், மருந்தியல், சமூக மருந்தகம், மருத்துவமனை மருந்தகம், மருந்துச் சட்டம் எல்லாம் வரும். படிப்பு முடித்த பின் எழுத வேண்டிய எக்ஸிட் தேர்வுக்கும் 2022-இல் விதிமுறை வந்துவிட்டது. இவளுக்குக் கடை அனுபவம் இருப்பதால் பாடம் எளிதாகப் பிடிபடும். மாத்திரைப் பெயர்கள் ஏற்கெனவே தெரியும், அது எதற்கு, எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் கல்லூரி சொல்லித் தரும்.

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் உள்நோயாளி மருந்தகத்தில் இருக்கிறேன். எங்கள் வேலை வெளியே தெரியாது. காலையில் வார்டுகளிலிருந்து இண்டென்ட் (என்னென்ன மருந்து வேண்டும் என்ற பட்டியல்) வரும். ஒவ்வொரு நோயாளியின் மருந்துப் பட்டியலையும் முந்தைய நாள் பட்டியலோடு ஒத்துப்பார்ப்போம். ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் இரண்டு டாக்டர்களால் எழுதப்பட்டிருக்கும், அதைப் பிடிக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவருக்கு முழு அளவு ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் வார்டுக்குப் போன் போட வேண்டும். ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் குறித்துக் கையெழுத்துப் போடுவோம். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற கடும் வலி மருந்துகள் இரட்டைப் பூட்டில் இருக்கும். கணக்கில் ஓர் ஆம்பூல் (ஊசி மருந்துச் சிறு குப்பி) குறைந்தாலும் கண்டுபிடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பார்வைக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூல் மாதிரியே இருக்கும். கலக்காமல் வேகமாக ரத்தநாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் எங்கள் இடத்தில் அதை வார்டில் இருப்பு வைக்க விடுவதில்லை. மருந்தகத்தில் தனி டப்பா, சிவப்பு ஸ்டிக்கர், இரண்டு பேர் பார்த்துத்தான் வெளியே போகும்.

மெத்தோட்ரெக்ஸேட்டும் அப்படித்தான். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. அதன் ஒரு பிராண்டின் பெயர் ஃபோலிட்ராக்ஸ். கூடவே எழுதப்படும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையின் பிரபலமான பிராண்டு ஃபோல்வைட். அவசரத்தில் எழுதிய சீட்டில் "ஃபோல்" என்று ஆரம்பித்து ஒரு கோடு இழுத்திருந்தால், எடுப்பவருக்கு இரண்டும் என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா? "எந்தக் கிழமை போடுவீங்கம்மா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிவதற்குத்தான் படிப்பு.

கடைக்காரர்_திருச்சி

மலர்விழி மேடம் சொன்னது சரி, ஆனால் கடைப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். நான் பி.பார்ம் (பார்மசி பட்டம்) படித்துப் பதிவு பெற்றவன். கவுண்டரில் நானே நிற்கிறேன், உடன் உதவியாளர்கள். ஒரு பார்மசிஸ்ட் தனியாக இத்தனையும் செய்ய முடியாது. மருந்துகள் விதி 65 என்ன சொல்கிறது? சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்டால் அல்லது அவருடைய நேரடிக் கண்காணிப்பில் நடக்க வேண்டும் என்கிறது. கண்காணிப்பில் என்றால் இன்னொரு கை இருக்கிறது என்றுதானே பொருள்?

என்னிடம் இருக்கும் ஓர் உதவியாளர் பத்தாவது வரைதான் படித்தவர். அட்டையை வெட்டும்போது பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரியும் அச்சான ஓரத்தைக் கடைசி வரை விட்டு வைப்பார். முதலில் காலாவதியாவது முன் வரிசைக்கு வந்துவிடும். அரை மாத்திரை எழுதியிருந்தால் நடுவில் கோடு இருக்கிறதா, மெதுவாகக் கரையும் மாத்திரையா என்று என்னிடம் கேட்காமல் கொடுக்க மாட்டார். எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று பெயரோடு வரும் மாத்திரைகளில் பலவற்றை உடைத்துப் போட்டால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இவருக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இல்லை, பயிற்சி இல்லை, சம்பள வரையறை இல்லை. இவருக்கு வழி என்ன?

இன்னொன்று, ஹோல்சேலில் மட்டும் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. மொத்த விற்பனை லைசென்ஸில் தகுதியுள்ள ஆளாகப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் வரலாம், அல்லது பத்தாவது முடித்து மருந்து வணிகத்தில் நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர், டிகிரியோடு ஓராண்டு அனுபவம் உள்ளவரும் வரலாம். செஞ்சிக்காரன், உங்கள் தங்கையின் அனுபவத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஒஹாயோ_பாலா

"வெளிநாட்டில் செல்லும்" என்ற வார்த்தையை நம்பி யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அமெரிக்காவில் பார்மசி டெக்னீசியன் தனிப் பணி, உண்மைதான். ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெரும்பாலான இடங்களில் மாநில பார்மசி போர்டில் பதிய வேண்டும். 1995-இல் தொடங்கிய பி.டி.சி.பி. என்ற அமைப்பு நடத்தும் 90 கேள்வித் தேர்வை எழுதிச் சான்று பெறுபவர்கள் அதிகம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 20 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதில் எதற்கும் நம் ஊர் ஓராண்டுச் சான்றிதழ் பதிலாகாது.

இங்கே டெக்னீசியனாக வேலை பார்க்கும் தமிழர்களில் நிறையப் பேர் ஊரில் பி.பார்ம் முடித்தவர்கள். 2003 முதல் பட்டம் வாங்கிய வெளிநாட்டவர் பார்மசிஸ்ட் ஆவதற்கான தகுதித் தேர்வுக்கு ஐந்தாண்டுப் படிப்பு கேட்கிறார்கள். நம் பி.பார்ம் நான்கு ஆண்டு. ஆறு ஆண்டு பார்ம்.டி. படித்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. குடும்பத்தோடு வந்து இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு கலங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

வேலை என்ன என்றால், சீட்டைக் கணினியில் ஏற்றுவது, காப்பீட்டுக் கம்பெனி மறுத்தால் ஏன் என்று பார்த்து டாக்டர் அலுவலகத்தைக் கூப்பிடுவது, எண்ணுவது, லேபிள் ஒட்டுவது, இருப்புக் கணக்கு. இறுதிச் சரிபார்ப்பு பார்மசிஸ்டுடையது. "இந்த மாத்திரையோடு இதைச் சாப்பிடலாமா?" என்று நோயாளி கேட்டால் டெக்னீசியன் பதில் சொல்லக் கூடாது, பார்மசிஸ்டைக் கூப்பிட வேண்டும். பதில் தெரிந்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. பத்து ஆண்டு ஊரில் கவுண்டரில் நின்றவர்களுக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஐ.வி. ரூம் இருக்கிறது. கை கழுவி, கவுன், மாஸ்க், கையுறை போட்டு, வடிகட்டிய காற்று வீசும் மேடைக்கு முன் நின்று ஊசி மருந்தும் புற்றுநோய்க்கான கீமோவும் கலப்பது டெக்னீசியன். 2006-இல் கிளீவ்லேண்டில் எமிலி என்ற இரண்டு வயதுக் குழந்தைக்கான கீமோ பையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான உப்புக் கரைசல் இருக்க வேண்டிய இடத்தில் 23.4 விழுக்காட்டுக் கரைசல் போய்விட்டது. கலந்தவர் டெக்னீசியன், சரிபார்த்து விட்டவர் பார்மசிஸ்ட். குழந்தை இறந்தது. பார்மசிஸ்டின் உரிமம் போனது, சிறைக்கும் போனார். ஒஹாயோவில் அப்போது டெக்னீசியனுக்குக் கட்டாயத் தகுதி எதுவும் இல்லை. அந்தப் பெற்றோர் ஓயாமல் போராடி 2009-இல் எமிலி சட்டம் வந்தது. தேர்வும் பின்னணிச் சரிபார்ப்பும் அதற்குப் பிறகுதான் கட்டாயமாயின. தகுதி வரையறை வருவதற்கு ஒரு குழந்தை போக வேண்டியிருந்தது என்பதை நான் இங்கே புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

கடைக்காரர்_திருச்சி

பாலா, நீங்கள் சொன்னதே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. உதவியாளர் இல்லாமல் எந்த நாட்டிலும் மருந்தகம் ஓடவில்லை. அங்கே அவரைப் பதிவு செய்து, தேர்வு வைத்து, இது உன் எல்லை என்று கோடு போட்டார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒருவருக்குப் பெயரே இல்லை.

மூலிகை

தர்மபுரி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். அரசுப் பக்கத்தைச் சொல்கிறேன், வேலை தேடுபவர்களுக்கு இது முக்கியம்.

நமக்கு மருந்து வாங்கித் தருவது 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாவட்டக் கிடங்குகளுக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் தேறிய பிறகே வெளியே விடுவார்கள். நம் நிலையத்துக்கு ஒரு பாஸ்புக் உண்டு, ஒதுக்கீட்டுத் தொகைக்குள் என்ன வேண்டும் என்று நாம்தான் கணித்துக் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் மருந்து எவ்வளவு ஓடும், சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர், பாம்புக்கடி ஊசி இருப்பு எவ்வளவு, எல்லாம் நம் தலையில். கேட்க மறந்தால் டாக்டர் எழுதுவார், மருந்து இருக்காது, நோயாளி வெறுங்கையோடு போவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. அதற்கான இருப்புக் கணக்கும் சேர்ந்துகொண்டது.

இன்சுலின் விஷயத்தில் நான் கறாரான ஆள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை, சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பேனா வீணாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். கடையில் "ஒரு இன்சுலின் சிரிஞ்சு" என்று கேட்பவரிடம் குப்பியா பேனாவா என்று கேட்காமல் கொடுக்கிறார்கள். செஞ்சிக்காரன், இதை உங்கள் தங்கைக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், டி.பார்ம் வரை காத்திருக்க வேண்டாம்.

வேலைவாய்ப்பு என்று பார்த்தால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மருந்தாளுநர் பணியிடங்களை அறிவிக்கும்போது டி.பார்ம் போதும். 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். அதற்கு டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், மானியமும் உண்டு. தனியார் ஆஸ்பத்திரி, மெடிக்கல் ஷாப், மக்கள் மருந்தகம், மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவு, ஏஜென்சி என்று மற்ற இடங்களும் இருக்கின்றன. தனியாரில் தொடக்கச் சம்பளம் குறைவு, அதை மறைக்க வேண்டாம்.

லீட்ஸ்_மீனா

நான் இங்கிலாந்தில் பதிவு பெற்ற பார்மசி டெக்னீசியன். கடைக்காரர் அண்ணா கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது.

2011 ஜூலை முதல் இங்கே அந்தப் பெயரில் வேலை செய்ய ஜெனரல் பார்மசூட்டிக்கல் கவுன்சிலில் பதிவு கட்டாயம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பயிற்சி, குறைந்தது இரண்டு ஆண்டு. ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கும்போது என்ன கற்றோம், அது நோயாளிக்கு எப்படிப் பயன்பட்டது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தப்பு நடந்தால் கவுன்சில் என்னைத்தான் கேட்கும், "பார்மசிஸ்ட் சொன்னார்" என்று ஒதுங்க முடியாது. அந்தப் பொறுப்பு பாரமாக இருந்தாலும், எனக்கு மரியாதையைத் தருவதும் அதுதான்.

வார்டில் ஒருவர் சேர்ந்ததும் வீட்டில் அவர் உண்மையில் என்னென்ன சாப்பிட்டார் என்று விசாரித்துப் பட்டியல் எடுப்பது என் வேலை. டாக்டர் எழுதியது ஒன்று, வீட்டுப் பையில் இருப்பது ஒன்று, அவர் சாப்பிடுவது இன்னொன்று. ஒரு தமிழ்ப் பாட்டி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "மாத்திரை போடுறேன்மா" என்பார். பையைத் திறந்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டைகளும் இங்கே கொடுத்த டப்பாக்களும் கலந்து கிடக்கும். இரண்டிலும் ஒரே ரத்த அழுத்த மருந்து.

கூடுதல் பயிற்சி எடுத்த டெக்னீசியன், பார்மசிஸ்ட் மருத்துவ ரீதியாகப் பார்த்து ஒப்புதல் தந்த சீட்டுக்கு இறுதிச் சரிபார்ப்பையும் செய்யலாம். 2024 ஜூன் முதல் எழுத்துபூர்வ நெறிமுறையின் கீழ் சில மருந்துகளைத் தனிச் சீட்டு இல்லாமலே நாங்கள் வழங்கவும் அனுமதி வந்திருக்கிறது.

மலர்விழி

மீனா எழுதியதைப் படித்தபோது ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கடைக்காரர் சார், அதை அப்படியே இங்கே இறக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குப் பயம் இருக்கிறது. இங்கிலாந்தில் டெக்னீசியனுக்கு மேலே ஒரு பார்மசிஸ்ட் கட்டாயம் இருக்கிறார். இங்கே பல கடைகளில் பார்மசிஸ்டே இல்லாதபோது டெக்னீசியன் என்று ஒரு தட்டைச் சட்டத்தில் கொண்டுவந்தால், டி.பார்ம் படித்தவரையும் வேலைக்கு வைக்காமல் "டெக்னீசியன் இருக்கிறாரே" என்று சொல்லிவிடுவார்கள். பார்மசிஸ்ட் கவுண்டரில் நிற்பதை முதலில் உறுதி செய்துவிட்டு அப்புறம் அவருக்குக் கீழே பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற உதவியாளரைக் கொண்டுவந்தால் நானே கையெழுத்துப் போடுவேன்.

எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கான பதிவேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், காசநோய் மருந்துகள், அல்ப்ரஸோலம், டிரமடால் போன்றவற்றை விற்கும்போதே டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எத்தனை கடையில் அது அன்றன்றைக்கு எழுதப்படுகிறது? ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரே பேனாவில் ஒரு மாதத்தை நிரப்பும் வழக்கம் ஒழியாமல் புதுப் பதவி எதற்கு?

கடைக்காரர்_திருச்சி

ஒப்புக்கொள்கிறேன், மேடம். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும். நான் கேட்பது, இப்போது வேலை பார்க்கும் உதவியாளர்களை அதுவரை அந்தரத்தில் விடாமல், பார்மசிஸ்ட் இருக்கும் கடைகளில் அவரே ஒரு பட்டியல் போட்டுக் கற்றுக்கொடுக்கட்டும் என்பதுதான். எதை உதவியாளர் தொடலாம், எதைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது என்று என் கடையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எச்1 மருந்து, இன்சுலின், குழந்தைகளுக்கான சிரப், கர்ப்பிணிக்கான எதுவும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், மெத்தோட்ரெக்ஸேட், வலிப்பு மாத்திரையில் பிராண்டு மாற்றுவது. இவை எல்லாம் என் கைக்கு வந்துதான் போகும்.

செஞ்சிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. டி.பார்ம் என்று முடிவு செய்துவிட்டோம். இன்சுலின் சிரிஞ்சு பற்றித் தங்கையிடம் சொன்னேன், கடையில் இரண்டு நிறமும் ஒரே டப்பாவில் கிடந்ததாம், பிரித்து வைத்துவிட்டாள்.

ஒரு சந்தேகம். அவள் படிக்கப் போகிறாள் என்றதும் ஓனர், "படிச்சு முடிச்சதும் சான்றிதழை என்கிட்ட குடும்மா. நீ கடைக்கு வர வேண்டாம், மாசாமாசம் ஒரு தொகை வீட்டுக்கு வந்துடும்" என்றாராம். வீட்டில் அம்மாவுக்கு இது நல்ல யோசனையாகத் தோன்றுகிறது. வேறு வேலையும் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா என்கிறார்.

மூலிகை

வேண்டாம். அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தக் கடையில் சீட்டுக்கு வெளியே போகும் ஒவ்வொரு மருந்துக்கும் உங்கள் தங்கை பெயர்தான் நிற்கும். தூக்க மாத்திரையை ஒரு பையனுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டால் போலீஸ் தேடுவது லைசென்ஸில் இருக்கும் பார்மசிஸ்டை. அவள் அன்றைக்கு வேறு ஊரில் இருந்திருப்பாள், அதுவே அவளுக்கு எதிரான சாட்சி. மருந்து ஆய்வாளர் அறிக்கை கொடுத்தால் பார்மசி சட்டத்தின் 36-ஆவது பிரிவில் பதிவிலிருந்து பெயரையே நீக்கலாம். பிறகு அரசு வேலை, சொந்தக் கடை எதற்கும் வழியில்லை. இரண்டு ஆண்டு படித்தது அதோடு போயிற்று. இப்போது அந்தக் கடையில் மாட்டியிருக்கும் சான்றிதழ்க்காரரும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார், அவருக்கு அது தெரியுமோ என்னவோ.

அவள் வேலை செய்ய விரும்பினால் அதே கடையிலேயே பார்மசிஸ்டாக நேரம் குறித்து, சம்பளம் குறித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு நிற்கட்டும். வேலையை விட்டால் அன்றே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளட்டும். நிறையப் பேர் இந்த ஒன்றைச் செய்யாமல் மாட்டியிருக்கிறார்கள்.

கல்லூரி சேரும் முன் இந்திய பார்மசி கவுன்சில் இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு டி.பார்முக்கு இந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பி.பார்முக்கு இருந்து டி.பார்முக்கு இல்லாமலும் இருக்கலாம். அரசுக் கல்லூரி இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் கோரும், கட்டணம் மிகக் குறைவு. முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் தயாராக இருக்கட்டும். நிரப்பும்போது எதாவது புரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.